தண்ணி தொடாத மாப்பிள்ளை

என் தம்பிக்குப் பெண் பார்க்கப் பண்டார் பாரு ஊருக்குப் போனபோது பெண்ணின் அம்மா என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"பையன் தண்ணி கிண்ணி போடுவாராம்மா?"

"ஒரு சொட்டு தொடமாட்டான்மா," என்றேன். யோசிக்கக்கூட இல்லை.

அதோடு காரியம் முடிந்தது. அந்த அம்மாவின் முகம் தெளிந்துவிட்டது. உள்ளே திரும்பி, காப்பி கொண்டு வரச் சொல்லி மகளைக் கூப்பிட்டார்.

மலேசியாவில் எங்கள் சனங்களுக்கு மாப்பிள்ளையைப் பற்றிக் கேட்கத் தெரிந்த கேள்வி அது ஒன்றுதான். தோட்டத்துக் கள்ளுக்கடையிலும், பிறகு சம்சுச் சாராயத்திலும் புருஷனைத் தொலைத்த பெண்கள் பெற்று வளர்த்த பெண்கள் நாங்கள். குடிக்காதவன் என்றால் போதும், கண்ணை மூடிக்கொண்டு பெண்ணைக் கொடுத்துவிடுவோம். நான் சொன்னதில் பொய்யும் இல்லை. என் தம்பி பீர் டின்னைக் கையால் தொட்டவன் இல்லை. கல்யாண வீட்டில் யாராவது ஊற்றிக் கொடுத்தால் முகத்தைச் சுளித்துக்கொண்டு எழுந்து போய்விடுவான். அவன் அடித்தது வேறு.

பத்திரிகையில் போதைப் பித்தர்கள் என்று போடுவார்கள். கூலிமில் எங்கள் தாமான் குடியிருப்பில் அந்தப் போதைப் பொடிக்குச் சாமான் என்று பெயர். "அவன் சாமான் அடிக்கிறான்லா" என்றால் பச்சைப்பிள்ளைக்கும் புரியும். ஆனால் பெண் பார்க்கிற வீட்டில் "மாப்பிள்ளை சாமான் அடிப்பாரா" என்று எந்தத் தாயும் கேட்டு நான் பார்த்ததில்லை. அந்த வார்த்தையை வாயில் எடுத்தால் அது வீட்டுக்குள் வந்துவிடும் என்று பயமோ என்னவோ. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

எனக்கு வாய் நீளம் என்று பெயர். கூலிமில் நான் வேலை செய்த தொழிற்சாலையில் சூப்பர்வைசரையே நிற்க வைத்துக் கேள்வி கேட்டவள். குப்பை லோரி இரண்டு நாள் வராவிட்டால் நகராண்மைக் கழகத்துக்குப் போன் போட்டுச் சண்டை பிடிக்கிறவளும் நான்தான். அந்த வாய் அன்றைக்கு அழகாகச் சிரித்துக்கொண்டு, ஒரு சொட்டு தொடமாட்டான் என்றது.

அன்று காலை அவன் காரில் ஏறும்போதே கண்ணைப் பார்த்துவிட்டேன். கண்மணி இரண்டும் கடுகளவுக்குச் சுருங்கி இருந்தன. அவன் நின்றது வெயிலில் அல்ல, வீட்டு நிழலில். அரசாங்க மறுவாழ்வு மையத்திலிருந்து அவன் வெளியே வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. உள்ளே நேரத்துக்குச் சோறு, நேரத்துக்குத் தூக்கம். கன்னம் உப்பி, மாப்பிள்ளைக் களை வந்திருந்தது. அந்தக் களை இறங்குவதற்குள் கல்யாணத்தை முடித்துவிட வேண்டும் என்பது எங்கள் அம்மாவின் திட்டம். "ஒரு கால்கட்டு போட்டுட்டா சரியாப் போயிடும்" என்றார். எங்களிடம் ஆண்பிள்ளைகளின் எல்லாக் கோளாறுக்கும் அந்த ஒரு வைத்தியம்தான் உண்டு. நானும் ஆமாம் போட்டேன். அவன் திருந்திவிட்டான் என்று நம்பித்தான் ஆமாம் போட்டேன் என்று பிறகு எனக்கு நானே எத்தனையோ தடவை சொல்லிக்கொண்டிருக்கிறேன். கண்ணைப் பார்த்த பிறகும் காரை எடுத்தேன் என்பதை மட்டும் அந்தக் கதையில் விட்டுவிடுவேன்.

பெண் வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே அவன் தலை மெதுவாகத் தாழ்ந்தது. மோவாய் நெஞ்சைத் தொடப் போய், நின்று, மறுபடி நிமிர்ந்தது. பெண்ணின் பெரியப்பா பக்கத்தில் இருந்தார். "இந்தக் காலத்துல இப்படித் தல நிமிராத பையன எங்க பாக்குறது? எவ்வளவு அடக்கம்!" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பெண்ணுக்கு முப்பத்திரண்டு வயது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் பாரிட் புந்தாரில் ஒரு துணிக்கடையில் தையல் வேலை. தகப்பன் போன பிறகு அம்மாவும் தம்பியும் அவள் சம்பளத்தில்தான் சாப்பிட்டார்கள். அதனால்தான் கல்யாணம் தள்ளிப் போனது. காப்பித் தட்டோடு வந்தவள் என்னை நேராகப் பார்த்து, "சீனி போதுமா அண்ணி?" என்றாள். இன்னும் ஒன்றும் முடிவாகவில்லை, அதற்குள் அண்ணி. எனக்கு அவளை அந்த நிமிஷமே பிடித்துப்போனது. பிடிக்காமல் போயிருந்தால்கூட நான் செய்ததற்கு ஒரு சாக்கு இருந்திருக்கும்.

தம்பி கெட்டுப்போன கதையில் பெரிய மர்மம் ஒன்றும் கிடையாது. சிடாம் கிரி பக்கத்துத் தோட்டம் ஒன்றில் செம்பனைக் குலை வெட்டினான். நீளமான கம்பியின் நுனியில் அரிவாளைக் கட்டி, அண்ணாந்து பார்த்தபடி நாள் முழுக்க வெட்டுகிற வேலை. கழுத்தும் முதுகும் விட்டுப்போய்விடும். கூட வேலை செய்தவர்கள் கெத்தும் மரத்து இலையை அவித்துக் குடித்தார்கள். எங்கள் கெடா மாநிலத்தில் அது கொல்லைப்புறத்தில் வளர்கிற மரம். கசப்புத் தண்ணீர், ஆனால் குடித்தால் வலி தெரியாது, களைப்பும் தெரியாது. அவனுக்கு முதல் சட்டியை அவித்துக் கொடுத்தது எங்கள் அம்மா. மகன் முதுகைப் பிடித்துக்கொண்டு வந்து படுத்தால் எந்தத் தாய்க்குப் பொறுக்கும்? பிறகு அதில் இருமல் மருந்தைக் கலந்து, பிளாஸ்டிக் பையில் கட்டி விற்கிறவன் வந்தான். அதற்குப் பிறகு பொடி வந்தது. ஒவ்வொரு படியாக இறங்கினான், ஒவ்வொரு படியிலும் நாங்கள் "இதோட நின்னுடும்" என்றோம்.

கல்யாணம் நடந்தது. கோயில் மண்டபத்தில் மூன்றாவது முடிச்சை வழக்கப்படி நாத்தனாராகிய நான்தான் போட்டேன். இறுக்கமாகப் போட்டேன். அவர்கள் எங்கள் தாமானிலேயே இரண்டு வரிசை தள்ளி ஒரு வாடகை வீட்டில் குடியேறினார்கள். அவள் தையல் இயந்திரத்தை வாசல் பக்கம் வைத்து, ரவிக்கை தைத்துக் கொடுக்க ஆரம்பித்தாள். கை சுத்தம், வாய் இனிப்பு. ஒரு மாதத்தில் என்னைவிட அவளுக்குத்தான் தாமானில் அதிகம் பேரைத் தெரிந்திருந்தது.

நாலைந்து மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் என் வீட்டுக்கு வந்தாள். கையில் சின்னப் பிளாஸ்டிக் பை.

"அண்ணி, ஒண்ணு கேப்பேன். மறைக்காமச் சொல்லணும்."

பையைப் பிரித்தாள். உள்ளே மெல்லிசான ஊசி ஒன்று, மூடியோடு.

"அவருக்குச் சர்க்கரை வியாதியா?"

ஊசியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"ஒடம்பு எளச்சுகிட்டே போவுது அண்ணி. குளிக்கச் சொன்னா சண்டைக்கு வர்றாரு, தண்ணி பட்டா எரியுதுங்குறாரு. இனிப்ப மட்டும் அள்ளி அள்ளித் திங்கிறாரு. மாமாவுக்குக்கூடச் சர்க்கரையில கால எடுத்தாங்கன்னு அத்தை சொன்னாங்க. இது சட்டப் பையில இருந்துச்சு. எங்கிட்டச் சொல்லக் கூச்சப்படுறாரு போல."

எங்கள் தாமானில் எந்த வீட்டு ஐஸ்பெட்டியைத் திறந்தாலும் முட்டைக்குப் பக்கத்தில் இன்சுலின் இருக்கும். ஊசியைப் பார்த்ததும் அவளுக்குச் சர்க்கரை ஞாபகம் வந்தது நியாயம்தான். அந்த நியாயத்தை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

"ஆமாம்மா," என்றேன். "முன்னாலயே சொன்னா நீங்க வேணாம்னு சொல்லிடுவீங்களோன்னு பயந்துட்டோம்."

முதல் தடவை சொன்னது உண்மையைப் போர்த்திய பொய். இது அம்மணமான பொய். அவளோ என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"இதுக்குப் போயா அண்ணி? சர்க்கரை இந்த ஊர்ல யாருக்குத்தான் இல்ல. நான் என்னமோ ஏதோன்னு பயந்தே போயிட்டேன்."

அதற்குப் பிறகு அவள் செய்ததை நினைத்தால் சிரிப்பும் வருகிறது, செத்துப் போகலாம் போலவும் வருகிறது. வீட்டில் சீனி டப்பாவைக் காலி செய்தாள். பாகற்காயைச் சாறு பிழிந்து தினமும் காலையில் அவன் வாயில் ஊற்றினாள். கேழ்வரகு தேடி பட்டர்வொர்த் வரைக்கும் பஸ் ஏறிப் போனாள். சாயங்காலமானால் அவன் கையைப் பிடித்துக்கொண்டு திடலைச் சுற்றி நடந்தாள். டாக்டர் நடக்கச் சொல்வாராம். அவன் அரைக்கண்ணை மூடிக்கொண்டு அவள் இழுத்த பக்கமெல்லாம் நடந்தான். பார்த்தவர்களில் பாதிப் பேருக்கு விஷயம் தெரியும். "புருஷன் மேல எவ்வளவு பாசம் பாருங்க" என்று அவள் காதுபடச் சொல்லிவிட்டு, அவள் போன பிறகு வாயைப் பொத்திச் சிரித்தார்கள். ஒரே ஒருத்தியாவது கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். என்னைச் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அவளாகவேதான் தெரிந்துகொண்டாள். கண்ட இடத்தில் போட்டால் பிள்ளைகள் காலில் குத்தும் என்று ஊசிகளையெல்லாம் ஒரு பிஸ்கட் டின்னில் சேர்த்து வைத்திருக்கிறாள். ஒரு நாள் டின்னைத் தூக்கிக்கொண்டு அரசாங்கக் கிளினிக்குக்குப் போய், இதை எங்கே போடுவது, என் வீட்டுக்காரரின் சர்க்கரைப் புத்தகம் தொலைந்துவிட்டது, வேறு கிடைக்குமா என்று கேட்டிருக்கிறாள். தாதி டின்னைத் திறந்து பார்த்துவிட்டு இன்னொரு தாதியைக் கூப்பிட்டாளாம். இரண்டு பேரும் அவளை உள்ளே உட்கார வைத்து மலாய் மொழியில் மெதுவாக, குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னார்களாம்.

கிளினிக்கிலிருந்து நேராக என் வீட்டுக்குத்தான் வந்தாள். நான் நெத்திலி பொரித்துக்கொண்டிருந்தேன். வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். வசவு வரும் என்று காத்திருந்தேன். ஒரு செருப்படிக்கும் தயாராக இருந்தேன்.

"பாவம் அண்ணி நீங்க," என்றாள். "உங்களையும் சேத்துல்ல ஏமாத்திருக்காரு."

அடுப்பை அணைத்தேன். அழுகை வந்துவிட்டது. அவள் ஓடி வந்து தன் துப்பட்டாவால் என் கண்ணைத் துடைத்தாள். "அழாதீங்க அண்ணி, நாம ரெண்டு பேரும் சேந்து அவர மீட்டுருவோம்" என்றாள். இல்லம்மா, எனக்கு முதல் நாளே தெரியும் என்று சொல்ல அதைவிட நல்ல நேரம் வராது. சொல்லவில்லை. அவள் தோளில் சாய்ந்து அழுவது சுகமாக இருந்தது. என் வாழ்க்கையில் நான் செய்தவற்றிலேயே ஆகக் கேவலமானது எது என்று கேட்டால், அந்த அழுகையைத்தான் சொல்வேன்.

சேர்ந்து மீட்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை. எங்கள் தாமானே அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது. முதலில் சாக்கடை மூடிகள் காணாமல் போயின. பிறகு தண்ணீர் மீட்டர்கள். பெண்கள் எரிவாயு சிலிண்டரை ஜன்னல் கம்பியோடு சங்கிலி போட்டுக் கட்டிவிட்டுத்தான் கடைக்குப் போனார்கள். ஒரு வெள்ளிக்கிழமை கோயிலைத் திறந்தபோது அம்மன் முன்னால் தொங்கிய வெண்கல மணி இல்லை. எடுத்தவன் யார் என்று பூசாரிக்கும் தெரியும், எடுத்தவனின் அம்மாவுக்கும் தெரியும். அன்றைக்கு அந்த அம்மாதான் முன்வரிசையில் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டு கும்பிட்டார். தொழிற்சாலைகளில் மூத்திரப் பரிசோதனை வைத்தார்கள். அந்த அறிவிப்பு ஒட்டிய மறுநாள் எங்கள் வரிசையில் பாதிப் பையன்கள் வேலைக்குப் போகவில்லை. கம்பெனி பஸ் இப்போதும் காலையில் வருகிறது, நேப்பாளத்துப் பையன்களை ஏற்றிக்கொண்டு எங்களைத் தாண்டிப் போகிறது. சாவு விழுந்தால் தகப்பன் மகனுக்குக் கொள்ளி வைக்கிறான். தூக்குவதற்கு நான்கு தோள் கிடைக்காமல் வெளியிலிருந்து ஆள் கூப்பிடுகிறோம். எங்கள் தாமான் பெயரைச் சொன்னால் யாரும் பெண் கொடுப்பதில்லை. இப்போது வெளியூர்களில் தேடுகிறோம், எங்கள் பெயர் தெரியாத ஊராக.

இதற்கு நடுவில் அவளுடைய தம்பியும் எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தான். இருபது வயது, கூலிம் தொழிற்பேட்டையில் வேலை கிடைத்து அக்கா வீட்டில் தங்கினான். ஆண் துணை ஒன்று இருந்தால் வீட்டுக்காரர் கொஞ்சம் அடங்குவார் என்று அவள் நினைத்தாள். பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். இரவெல்லாம் நின்றுவிட்டு வந்தால் பகலில் தூக்கம் வரவில்லை என்று அவன் தன் மாமனிடம், அதாவது என் தம்பியிடம், சொல்லியிருக்கிறான். மாமன் வழி காட்டினான். ஒரு வருஷத்துக்குள் அவனும் பரிசோதனையில் மாட்டி வேலையை இழந்தான். பிறகு மாமனும் மச்சானும் ஒரே அறையில், ஒரே பாயில். அவள் தையலை விட்டுவிட்டு, தம்பி விட்ட அதே வேலைக்குப் போனாள்.

என் தம்பி போன வருஷத்துக்கு முந்தின வருஷம் செத்தான். காலில் ஊசி போட்ட இடம் சீழ் வைத்து, தொடை வரைக்கும் வீங்கி, ரத்தத்தில் விஷம் ஏறிவிட்டது. ஆஸ்பத்திரியில் பதினோரு நாள். ஷிப்ட் முடிந்து கம்பெனி உடுப்போடு வந்து அவள்தான் அவனுக்கு உடம்பு துடைத்துவிட்டாள். அப்போது அவன் தண்ணீருக்குப் பயப்படவில்லை. ஒரு நாள் அவள் சாப்பாடு வாங்கக் கீழே போயிருந்தபோது என்னைப் பக்கத்தில் கூப்பிட்டான்.

"அக்கா, உனக்கு மொதல்லயே தெரியும்னு அவளுக்குத் தெரியுமா?"

"தெரியாதுடா."

"சொல்லிடாத. நீயும் இல்லன்னா அவளுக்கு யாரும் இல்ல."

அவன் ஒருவேளை அவளுக்காகத்தான் சொல்லியிருப்பான். நான் அதை எனக்குக் கிடைத்த அனுமதிச் சீட்டாக எடுத்து மடித்து வைத்துக்கொண்டேன். மூன்று நாளில் அவன் போய்விட்டான். காரியம் முடிந்து எல்லாரும் போன பிறகு அவள் என் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தாள். அப்போதும் நான் உண்மையைச் சொல்லவில்லை.

அவள் பண்டார் பாருவுக்குத் திரும்பிப் போகவில்லை. அங்கே அம்மாவுக்கு மூட்டுவலி, நடக்க முடியாது. இங்கே வேலை இருக்கிறது, நான் இருக்கிறேன் என்று இருந்துவிட்டாள். வாரத்தில் இரண்டு நாள் என் வீட்டில்தான் சாப்பாடு. சந்தைக்குச் சேர்ந்து போவோம். என்னோடு பிறந்த ஒருத்தி இருந்திருந்தால் இப்படித்தான் இருந்திருப்பாள். அவள் தம்பியை ஒரு தடவை பிடித்து உள்ளே வைத்தார்கள். வெளியே வந்தான். கன்னம் உப்பியிருந்தது.

கொஞ்ச நாள் கழித்து அவள் தயங்கித் தயங்கி விஷயத்துக்கு வந்தாள்.

"அண்ணி, தம்பிக்குச் சிடாம் கிரியில ஒரு எடம் வந்திருக்கு. அம்மாவால வர முடியாது. நான் தாலி அறுத்தவ, மொத மொதல்ல போய் நான் உக்காந்து பேசக்கூடாதுலா. நீங்க பேசுங்க, நான் கூட வந்து ஓரமா உக்காந்துக்கிறேன்."



"நீயாம்மா இதச் சொல்ற?"

"அவன் இப்ப நல்லாத்தான் இருக்கான் அண்ணி. ஒரு பொண்ணு வந்துட்டா பொறுப்பு வந்துரும்."

அவள் முகத்தைப் பார்த்தேன். கேழ்வரகு தேடி பட்டர்வொர்த் போனவளின் அதே முகம். பாகற்காய்ச் சாறு பிழிந்த கை. இத்தனையும் பட்ட பிறகும் அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. மறுத்திருக்க வேண்டும். எந்த வாயை வைத்துக்கொண்டு மறுப்பது? அவளைத் தாலி அறுத்தவளாக ஆக்கியதே நான்தான், அதைச் சொல்லித்தான் அவள் என்னைக் கூப்பிடுகிறாள். சரி என்றேன்.

சிடாம் கிரியில் சின்ன வீடு. பெண்ணின் அப்பா லோரி ஓட்டுகிறவர். அம்மா வீட்டோடு. பெண்ணுக்கு இருபத்து நான்கு வயது, பாலர் பள்ளியில் உதவியாளர். பிள்ளைகளோடு வண்ணம் தீட்டியதில் விரல் இடுக்குகளில் நீலம் ஒட்டியிருந்தது. தேய்த்துத் தேய்த்துப் பார்த்தும் போகவில்லை என்று அவளே சிரித்துக்கொண்டு சொன்னாள். நான் வந்த வேலையை ஒழுங்காகத்தான் ஆரம்பித்தேன். எந்த ஊர், எந்தக் குலதெய்வம், எத்தனை வருஷமாகக் கூலிமில் என்று பேச்சு ஓடியது. அந்த வீட்டில் யாரும் எதையும் குடைந்து கேட்கவில்லை. வந்தவர்களை நம்புகிற சனங்கள்.

பையன் சோபா ஓரத்தில் இருந்தான். பேச்சுக்கு நடுவில் அவன் கண் செருகியது. கையிலிருந்த கிண்ணம் சாய்ந்து கொஞ்சம் காப்பி கால்சட்டையில் ஊற்றியது. சூடு அவனுக்குத் தெரியவில்லை. அந்தப் பெண் பார்த்துவிட்டாள். யாரிடமும் கேட்காமல் எழுந்து உள்ளே போய், ஒரு தம்ளர் வெந்நீரும் தலைவலி மாத்திரையும் கொண்டு வந்தாள்.

"ஒடம்பு முடியலீங்களா? இதப் போடுங்க, கொஞ்சம் தேவலையா இருக்கும்."

நீல விரலில் மாத்திரையை வைத்துக்கொண்டு அவன் முன்னால் நின்றாள். அவன் பார்க்கவில்லை. அவள் பொறுமையாக நின்றாள்.

"மாத்திரை வேணாம்மா," என்றேன். "அவன் சாமான் அடிச்சிருக்கான்."

என் குரல்தான். எனக்கே வேறு யாரோ பேசியதுபோல இருந்தது.

"அண்ணி!" என்றாள் பக்கத்திலிருந்தவள். பிறகு அவர்களைப் பார்த்து, "ஷிப்ட் வேலைங்க, ராத்திரி முழுக்கத் தூக்கமில்ல" என்றாள். வேலையே இல்லாதவனுக்கு ஷிப்ட்.

பெண்ணின் அம்மாவும் உடனே, "ஷிப்ட்டுன்னா அப்படித்தான்லா, எங்க வீட்டுக்காரரும் லோரியில போயிட்டு வந்தா இப்படித்தான் தூங்கி விழுவாரு," என்றார். எனக்காக அவர் சங்கடப்பட்டது முகத்தில் தெரிந்தது. இந்த அம்மாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பார். பெண் இன்னும் மாத்திரையோடு நின்றாள். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. யார் மேல் என்று தெரியாத ஆத்திரம்.

"தூக்கம் இல்லம்மா இது. இந்தக் கண்ணு எனக்குத் தெரியும். என் தம்பிய பொண்ணு பாக்கக் கூட்டிட்டுப் போன அன்னைக்கும் அவன் கண்ணு இப்படித்தான் இருந்துச்சு. தெரிஞ்சேதான் கூட்டிட்டுப் போனேன். உங்க புள்ளையக் குடுத்துடாதீங்க."

சொல்லி முடித்த பிறகுதான் என் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது உறைத்தது. திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. பெண்ணின் அப்பா எழுந்து நின்றார். ஒன்றும் திட்டவில்லை. "போயிட்டு வாங்க," என்றார். அந்தப் பெண் மாத்திரையை உள்ளங்கையில் மூடிக்கொண்டு பின்னால் நகர்ந்தாள்.

பையனைக் கைத்தாங்கலாக அழைத்து வந்து பின்னிருக்கையில் போட்டோம். அவனுக்கு என்ன நடந்தது என்றே தெரியாது. அவள் முன்னால், என் பக்கத்தில் ஏறிக்கொண்டாள். இருக்கைப் பட்டையை மாட்டினாள். பாடாங் செராய் தாண்டினோம். நான் சாலையை மட்டும் பார்த்து ஓட்டினேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்று வேண்டிக்கொண்டே ஓட்டினேன்.

"அண்ணி," என்றாள். சண்டைக்கு வருகிற குரல் இல்லை. நிஜமாகவே பதில் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவள் கேட்பதுபோலக் கேட்டாள். "அந்தப் பொண்ண நீங்க இன்னைக்குத்தான் பாத்தீங்க. அவளப் பாத்து வந்த பாவம், அன்னைக்கு என்னையப் பாத்து ஏன் வரல?"

எத்தனையோ வருஷமாக எத்தனையோ சாக்கு சேர்த்து வைத்திருந்தேன். அம்மா சொன்னார், அவன் திருந்துவான் என்று நம்பினோம், உனக்கும் வயது ஏறிக்கொண்டிருந்தது. ஒன்றும் வாயில் வரவில்லை. இருந்த ஒரே உண்மைதான் வந்தது.

"அவன் என் தம்பிம்மா."

அவள் மெதுவாகத் திரும்பிப் பின்னிருக்கையைப் பார்த்தாள். அவன் கண்ணாடியில் தலையைச் சாய்த்து, வாயைப் பிளந்துகொண்டு கிடந்தான். முன்னால் திரும்பிக்கொண்டாள்.

"இவனும் எனக்குத் தம்பிதான்," என்றாள்.